எனக்குத் தேவையில்லாத பலனுக்கு நான் ஏன் பிரீமியம் கட்ட வேண்டும்?

கேள்வி, ஜனவரி 9

எனக்கு வயது 27, கல்யாணம் ஆகவில்லை. அமெரிக்காவில் இரண்டு வேலைகளுக்கு நடுவே இருக்கிறேன், அதனால் சொந்தமாக ஒரு மருத்துவக் காப்பீடு வாங்கப் பார்க்கிறேன். எந்த பிளானைத் திறந்தாலும் மகப்பேறு, பச்சிளம் குழந்தை, போதை மறுவாழ்வு, குழந்தைகளின் கண் பரிசோதனை எல்லாம் உள்ளே உட்கார்ந்திருக்கிறது. இதை எடுத்துவிட்டு விலையைக் குறையுங்கள் என்றால் சட்டத்தில் இடமில்லை என்கிறார்கள். பிரீமியத்தை ஏற்றுவதற்காகக் காப்பீட்டு நிறுவனங்களே கொண்டுவந்த சட்டம் இது என்கிறேன். யாராவது மறுக்க முடியுமா?

பதில், ஜனவரி 9, இரவு

பாதியை மறுக்கிறேன். பிரீமியம் ஏறும் என்பது உண்மை. ஒரு பலனைச் சேர்த்தால் அதற்கான காசை யாராவது கொடுத்துத்தான் ஆக வேண்டும். நிறுவனங்களே கொண்டுவந்தது என்பதுதான் இடிக்கிறது. அங்கே மாநிலங்கள் ஒவ்வொன்றாக இப்படிக் கட்டாயப் பலன்களைச் சேர்த்தபோதெல்லாம் எதிர்த்து நின்றவர்களே காப்பீட்டு நிறுவனங்களும் முதலாளிகள் சங்கங்களும்தான்.

மகப்பேறைத் தனியாகக் கழற்றி விற்றால் யார் வாங்குவார் என்று யோசித்துப் பாருங்கள் தம்பி. அடுத்த வருடம் குழந்தை வேண்டும் என்று நினைப்பவர்கள் மட்டும். வாங்குகிற எல்லோருமே கிளைம் போடப் போகிறார்கள் என்றால் அதன் விலை கிட்டத்தட்ட பிரசவச் செலவு அளவுக்கே வந்து நிற்கும், அதற்குப் பெயர் காப்பீடு இல்லை, தவணைச் சீட்டு. 2014-க்கு முன்னால் அங்கே தனிநபர் பாலிசிகளில் பெரும்பாலானவற்றில் மகப்பேறே கிடையாது. சிலவற்றில் ரைடராக, அதாவது கூடுதல் காசு கட்டிச் சேர்க்கும் தனிப் பலனாகக் கிடைக்கும், அதற்கும் காத்திருப்புக் காலம் உண்டு. பெண்களிடம் கூடுதல் பிரீமியமும் வாங்கினார்கள்.

2010-இல் வந்த மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் 2014 முதல் அதைத்தான் மாற்றியது. தனிநபர், சிறு நிறுவன பாலிசிகளில் நீங்கள் சொன்ன மகப்பேறு, போதை மறுவாழ்வு உள்ளிட்ட 10 பலன் தலைப்புகள் கட்டாயம் இருக்க வேண்டும், ஆண் பெண் பார்த்து விலை வைக்கக் கூடாது, வயதைப் பார்த்து வைக்கலாம் ஆனால் மூத்தவரிடம் இளையவரைப் போல 3 மடங்குக்கு மேல் போகக் கூடாது. கடைசியில் சொன்னதைக் கவனியுங்கள். அந்தக் கணக்கில் நீங்கள் தோளில் தூக்குவது பக்கத்து வீட்டுப் பிரசவத்தை விட 60 வயதுக்காரரின் இதய அறுவை சிகிச்சையைத்தான். அதைப் பற்றி ஒருவரும் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. பிரசவம் என்றால் மட்டும் எல்லோருக்கும் கணக்கு ஞாபகம் வந்துவிடுகிறது.

ஜனவரி 10

நேற்று விட்டுப்போனது. உங்கள் வயதுக்கு ஒரு வழி இருக்கிறது. 30 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்குப் பெரிய மருத்துவச் செலவைத் தாங்குவதற்கான "பேரிடர்" வகை பிளான் உண்டு, பிரீமியம் குறைவு. அதிலும் அந்த 10 தலைப்புகள் இருக்கும், ஆனால் பெரிய டிடக்டிபிளை, அதாவது முதலில் நம் கையில் இருந்து கட்ட வேண்டிய தொகையைத் தாண்டிய பிறகுதான் பணம் வரும். அதற்கு முன் தடுப்பு சிகிச்சைகளும் வருடத்துக்கு 3 சாதாரண டாக்டர் சந்திப்புகளும் மட்டும்.

குறுகிய கால பிளான் என்று இன்னொன்றைக் காட்டுவார்கள், அது இன்னும் மலிவு. அதற்கு இந்தச் சட்டமே பொருந்தாது, பழைய வியாதியைக் காட்டிக் கையை விரிக்கலாம். மலிவு ஏன் என்று கேட்காமல் வாங்காதீர்கள்.

ஜனவரி 12

"10 தலைப்பு என்றால் எல்லாமே வந்துவிட்டதே, அப்புறம் என்ன குறை?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். தலைப்பு வேறு, பணம் வேறு சார்.

நான் பல வருடம் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் கிளைம் பிரிவில் வேலை பார்த்தவன். ஆஸ்பத்திரி பில் வந்தால் நாங்கள் ஒரு தாள் போடுவோம், நான்கு பத்தி: கேட்ட தொகை, கழித்த தொகை, அனுமதித்த தொகை, காரணம். வாடிக்கையாளர் முதல் பத்தியையும் மூன்றாவதையும் மட்டும் பார்ப்பார், சண்டைக்கு வருவார். விஷயமெல்லாம் நான்காவது பத்தியில் இருக்கும். கையுறை, முகக்கவசம், பதிவுக் கட்டணம் என்று சில்லறையாகப் போகும் கழிப்புகள் ஒரு பக்கம். அறை வாடகையில் வரம்பு இருந்து, அவர் அதை விடப் பெரிய அறையில் படுத்திருந்தால், அறை வாடகையோடு நிற்காது. டாக்டர் கட்டணம், அறுவை அரங்கக் கட்டணம் எல்லாம் அதே விகிதத்தில் வெட்டுப்படும். அந்த மனிதருடைய பாலிசியில் அந்த அறுவை சிகிச்சைக்குக் காப்பீடு உண்டா என்றால் உண்டு. சட்டம் கேட்ட தலைப்பும் இருக்கிறது. வந்த பணம் பாதி.

சட்டத்தை எழுதியவர்களுக்கு இது தெரியாதா என்றால், முதல் தடவை தெரியாமல்தான் போனது. 1996-இல் அமெரிக்காவில் மனநல சமத்துவச் சட்டம் ஒன்று வந்தது. உடல்நோய்க்கு ஆண்டுக்கு, ஆயுளுக்கு என்று என்ன பண உச்சவரம்பு வைக்கிறீர்களோ அதை விடக் குறைவாக மனநோய்க்கு வைக்கக் கூடாது என்றது. அவ்வளவுதான் சொன்னது. பணத்தில் கை வைக்கக் கூடாது என்றால் எண்ணிக்கையில் வைக்கிறோம் என்று பல பிளான்கள் வருடத்துக்கு இத்தனை டாக்டர் சந்திப்பு, இத்தனை நாள் படுக்கை என்று புது வரம்பு போட்டன. அந்த ஓட்டையை அடைக்க 2008-இல் இன்னொரு சட்டம் தேவைப்பட்டது. நடுவே 12 வருடம். இந்தப் பேச்சு எங்கே வந்தாலும் நான் இந்தக் கதையைத்தான் முதலில் சொல்வேன்.

ஜனவரி 13

இந்தியாவில் மனநோய்க்கு உண்டா என்று மூன்று பேர் கேட்டாயிற்று, ஒரே பதிலாகப் போடுகிறேன்.

உண்டு. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், பிரிவு 21, உட்பிரிவு 4: உடல்நோய்க்கு எந்த அடிப்படையில் மருத்துவக் காப்பீடு தருகிறீர்களோ அதே அடிப்படையில் மனநோய்க்கும் தர வேண்டும். 2018 மே 29 முதல் நடைமுறை. அதே ஆண்டு ஆகஸ்டில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ சுற்றறிக்கை அனுப்பியது. அதற்குப் பிறகும் பழைய விலக்கு வாசகத்தோடு பாலிசிகள் ஓடிக்கொண்டிருந்தன; 2021-இல் டெல்லி உயர் நீதிமன்றம் சட்டம் வந்த தேதியில் இருந்தே பொறுப்பு உண்டு என்றது, 2022 அக்டோபருக்குள் எல்லாத் திட்டங்களும் ஒத்துப்போக வேண்டும் என்று ஐஆர்டிஏஐ மறுபடி சொல்ல வேண்டியிருந்தது.

எங்கள் குடும்பத்தில் நடந்ததையும் சொல்கிறேன். சித்தப்பா மகனுக்குக் கடுமையான மனச்சோர்வு, ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கிளைம் நிராகரித்து வந்த கடிதத்தில் விலக்கு எண் மட்டும் போட்டிருந்தது, "மனநோய் மற்றும் மனக்கோளாறுகள்" என்று. பாலிசியோ சட்டம் வந்த பிறகு புதுப்பித்தது. நானே உட்கார்ந்து குறைதீர்ப்பு அதிகாரிக்கு அரைப் பக்கக் கடிதம் எழுதினேன்: பிரிவு எண், நடைமுறைக்கு வந்த தேதி, பாலிசி புதுப்பித்த தேதி, தீர்க்காவிட்டால் ஆம்புட்ஸ்மனிடம் போகிறோம் என்று ஒரு வரி. அழுகையோ திட்டோ எதுவும் இல்லை. பணம் வந்தது.

அதற்கப்புறம்தான் எனக்கே உறைத்த ஒன்று. அவன் வீட்டுக்கு வந்த பிறகு மாதாமாதம் மாத்திரை, வாரத்துக்கு ஒருமுறை கவுன்சலிங். உண்மையான செலவு அங்கேதான். அதற்கு ஒரு பைசா வராது, ஏனென்றால் அந்த பாலிசி உள்நோயாளி சிகிச்சைக்கு மட்டும். சர்க்கரை நோயாளிக்கும் புறநோயாளிச் செலவு தருவதில்லை, உங்களுக்கும் தருவதில்லை, சமமாகத்தானே நடத்துகிறோம் என்பார்கள். சட்டப்படி சரியான பதில். மனநோயில் பெரும்பாலானவர்கள் ஆஸ்பத்திரியில் படுப்பதே இல்லை என்பதை அந்த உட்பிரிவை எழுதும்போது யாராவது யோசித்தார்களா என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை.

ஜனவரி 17

சட்டங்களிலேயே இரண்டு ஜாதி உண்டு என்பதைச் சொல்லாமல் விட்டால் குழப்பம் வரும். ஒன்று, "இதைக் கொடுத்தே ஆக வேண்டும்". இன்னொன்று, "நீ கொடுப்பதாக இருந்தால் இந்த அளவுக்குக் குறையாமல் கொடு". 1996-இல் அமெரிக்காவில் வந்த தாய்சேய் சட்டம் இரண்டாவது வகை. சுகப்பிரசவத்துக்கு 48 மணி நேரம், சிசேரியனுக்கு 96 மணி நேரம் ஆஸ்பத்திரியில் இருக்கக் காப்பீடு கொடுக்க வேண்டும், அதற்கு முன் கிளம்பு என்று நெருக்கக் கூடாது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பிரசவத்துக்கே காப்பீடு தராத பிளானை அந்தச் சட்டம் தொடவே இல்லை. 1998-இல் வந்த மார்பகப் புற்றுநோய் தொடர்பான சட்டமும் அப்படியே: மார்பகத்தை அகற்றும் அறுவைக்குப் பணம் தரும் பிளான், மறுசீரமைப்புக்கும் தர வேண்டும், இரண்டு பக்கமும் ஒத்திருக்க மறுபக்கத்தில் செய்யும் அறுவைக்கும் சேர்த்து. இது நல்ல சட்டம், எனக்குப் பிடித்த சட்டம், ஏனென்றால் எழுதியவர் நோயாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதியது போல இருக்கிறது. இருந்தாலும் "தரும் பிளான் என்றால்" என்கிற நிபந்தனை முதல் வரியிலேயே நிற்கிறது.

செய்தித்தாளில் "கட்டாயம்" என்று போடும்போது இந்த இரண்டும் ஒன்றாகிவிடும்.

ஜனவரி 18

யாருக்குப் பொருந்தும் என்பது அடுத்த பள்ளம். அமெரிக்காவில் பெரிய நிறுவனங்களில் பல, ஊழியர்களின் மருத்துவச் செலவைத் தங்கள் பணத்திலேயே கொடுக்கின்றன; காப்பீட்டு நிறுவனம் கணக்கு வழக்கை மட்டும் பார்த்துக்கொள்ளும். முதலாளிகள் தரும் ஊழியர் பலன்களுக்கான மத்திய சட்டமான, 1974-இல் வந்த எரிசா சட்டப்படி இந்த மாதிரி பிளான்களை மாநிலச் சட்டம் கட்டுப்படுத்தாது. மசாசூசெட்ஸ் தன் மாநிலத்தில் மனநலப் பலன்களைக் கட்டாயமாக்கிய வழக்கு 1985-இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. காப்பீட்டு நிறுவனத்திடம் வாங்கிய பாலிசிக்கு மாநிலச் சட்டம் செல்லும், சொந்தப் பணத்தில் நடத்தும் பிளானுக்குச் செல்லாது என்று கோடு கிழித்தார்கள். வேலை வழியாகக் காப்பீடு பெறுபவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மாநிலச் சட்டம் செல்லாத அந்தப் பக்கம் இருக்கிறார்கள்.

கையில் இருக்கும் அட்டையில் அதே காப்பீட்டு நிறுவனத்தின் சின்னம்தான் இருக்கும், பார்த்தால் வித்தியாசம் தெரியாது. நான் சொன்ன 10 தலைப்புகளும் பெரிய நிறுவன பிளான்களுக்குக் கட்டாயம் இல்லை, அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஜனவரி 25

"எல்லா நாட்டிலும் ஏமாற்றுத்தான் என்கிறீர்கள், உருப்படியாக எங்கேயாவது எழுதியிருக்கிறார்களா?" நியாயமான கேள்வி. நான் தென்னாப்பிரிக்காவைக் காட்டுவேன்.

அங்கே 1998-ஆம் ஆண்டு மருத்துவத் திட்டங்கள் சட்டத்தின் கீழ் குறைந்தபட்ச பலன்கள் என்று ஒரு பட்டியல் உண்டு. வெறும் தலைப்புகள் இல்லை. சுமார் 270 நோய்நிலைகள், ஒவ்வொன்றுக்கும் என்ன சிகிச்சை என்று எழுதப்பட்டிருக்கிறது. அதோடு ஆஸ்துமா, சர்க்கரை, வலிப்பு போன்ற 26 நாள்பட்ட நோய்கள். அப்புறம் எந்த அவசர நிலையும். நீங்கள் எவ்வளவு மலிவான திட்டத்தில் இருந்தாலும் இதற்கான செலவை முழுசாகக் கொடுக்க வேண்டும், திட்டத்துக்குள் உங்கள் பெயரில் இருக்கும் மருத்துவச் சேமிப்புக் கணக்கில் இருந்து அதை எடுக்கவும் கூடாது. இந்தச் சேமிப்புக் கணக்கு விஷயம்தான் என்னைக் கவர்ந்தது. பணத்தை எந்தப் பையில் இருந்து எடுப்பார்கள் என்று முன்கூட்டியே யோசித்து அந்தப் பையைத் தைத்திருக்கிறார்கள்.

சும்மா புகழவில்லை, அங்கேயும் முள் இருக்கிறது. திட்டம் குறிப்பிட்டிருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், நீங்களாக வேறு இடம் போனால் வித்தியாசத்தை நீங்கள் கட்ட வேண்டி வரலாம். இன்னொன்று, எல்லாம் பில்லில் இருக்கும் நோய்க் குறியீட்டில் தொங்குகிறது. ஐசிடி-10 என்கிற அந்த எழுத்தும் எண்ணும் சேர்ந்த குறியீட்டை டாக்டரின் அலுவலகத்தில் பொதுவான அறிகுறிக் குறியீடாகப் போட்டுவிட்டால், "நெஞ்சுவலி" என்று மட்டும் விழும், பட்டியலில் இருக்கும் நோயாகக் கணினிக்குத் தெரியாது, சாதாரணச் செலவாகக் கணக்குப் போட்டுவிடும். எங்கள் பிரிவிலும் இதே கூத்துத்தான். டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒன்று, பில்லில் ஒன்று. சரியான குறியீட்டோடு பில்லைத் திருப்பி அனுப்பச் சொன்னாலே பல சண்டைகள் முடிந்துவிடும்.

பிப்ரவரி 2

விக் கட்டாயமா என்று ஒருவர் கிண்டலடித்திருக்கிறார். சிரிக்காதீர்கள், சில அமெரிக்க மாநிலங்களில் உண்மையிலேயே உண்டு, புற்றுநோய் சிகிச்சையில் முடி கொட்டியவர்களுக்குப் பொய்முடிச் செலவு. கட்டாயப் பலன்களை எதிர்ப்பவர்கள் கூட்டத்துக்குக் கூட்டம் எடுத்துக் காட்டும் உதாரணம் அது. கீமோ எடுத்த ஒருத்தரைப் பக்கத்தில் பார்த்தவர்கள் அதைக் கிண்டல் செய்வதில்லை, செலவும் பெரிதில்லை.

ஆனால் எதிர்ப்பவர்கள் சொல்வதில் ஒன்றை நான் ஒத்துக்கொள்வேன். பட்டியலில் யார் ஏறுகிறார்கள் என்பது நோயின் கனத்தை மட்டும் பார்த்து முடிவாவதில்லை, யார் திரண்டு வருகிறார்கள் என்பதைப் பார்த்தும் முடிவாகிறது. நோயாளிகளை விட சிகிச்சை கொடுப்பவர்களின் சங்கம்தான் நன்றாகத் திரளும். சுவிட்சர்லாந்தைப் பாருங்கள். 1996 முதல் அங்கே எல்லோருக்கும் அடிப்படைக் காப்பீடு கட்டாயம், எந்த நிறுவனத்திடம் வாங்கினாலும் ஒரே பலன் பட்டியல், அதில் நிறுவனம் லாபம் பார்க்கவும் கூடாது. ஹோமியோபதி உள்ளிட்ட மாற்று மருத்துவ முறைகளை 2005-இல் அந்தப் பட்டியலில் இருந்து தூக்கினார்கள். 2009-இல் வாக்கெடுப்பு நடந்தது, மக்கள் மாற்று மருத்துவத்துக்கு ஆதரவாக ஓட்டுப் போட்டார்கள், 2012-இல் தற்காலிகமாகவும் 2017-இல் நிரந்தரமாகவும் திரும்பி வந்துவிட்டன. அதே பட்டியலில் பெரியவர்களின் சாதாரணப் பல் சிகிச்சை இன்றுவரை இல்லை. பல்வலி எல்லோருக்கும் வரும்!

பிப்ரவரி 3

அமெரிக்காவின் 10 தலைப்பிலும் பெரியவர்களுக்குப் பல் கிடையாது. உலகம் முழுக்கப் பல்லுக்கு என்ன பகையோ.

பிப்ரவரி 11

முதலாளி கொடுக்கும் காப்பீட்டில் பலன் கூடினால் எனக்கென்ன நஷ்டம், அவர்தானே கட்டுகிறார் என்ற கருத்துக்கு. அப்படி இல்லை. 1970களில் அமெரிக்காவில் மகப்பேறு பலனைக் கட்டாயமாக்கியபோது என்ன ஆனது என்று பொருளாதார அறிஞர் ஜொனாதன் க்ரூபர் 1994-இல் ஆராய்ந்து எழுதினார். பிள்ளை பெறும் வயதில் இருந்த திருமணமான பெண்களின் சம்பளம், அந்தப் பலனின் செலவுக்கு ஏறக்குறைய ஈடாக, மற்றவர்களோடு ஒப்பிடும்போது குறைந்திருந்தது. அவர் கட்டாயப் பலன்களுக்கு எதிரி இல்லை, 2010 சட்டத்துக்கு ஆலோசனை சொன்னவர்களில் ஒருவர். ஆக, அங்கே செலவு அந்தப் பலன் யாருக்காக வந்ததோ அவர்கள் தலையிலேயே இறங்கியது. இதைப் படித்த பிறகு ஜனவரி 9 அன்று நான் எழுதியதைக் கொஞ்சம் திருத்திப் படியுங்கள்: சுமை எல்லோருக்கும் பரவும் என்பது தனிநபர் சந்தையில், ஆண் பெண் வித்தியாசம் பார்த்து விலை வைக்கத் தடை இருக்கும்போது. சம்பளத்தோடு வரும் காப்பீட்டில் அப்படிப் பரவும் என்று உறுதி இல்லை.

பேச்சு மோட்டார் காப்பீட்டுக்குப் போனதால் அதையும் ஒரு வரி. குறைந்தபட்சத்தை ஒரு தொகையாக எழுதினால் அது எழுதிய இடத்திலேயே கிடக்கும். கலிபோர்னியாவில் விபத்தில் காயம் அடையும் ஒருவருக்கு 15,000 டாலர், ஒரு விபத்துக்கு மொத்தம் 30,000, பொருள் சேதத்துக்கு 5,000 என்று 1967-இல் எழுதினார்கள். 2025 ஜனவரியில்தான் 30,000, 60,000, 15,000 ஆனது. இடையில் கார் விலை எங்கே போனது, ஆஸ்பத்திரி பில் எங்கே போனது! இந்த ஒரு விஷயத்தில் இந்தியா மேல் என்பேன். மூன்றாம் நபர் சாவுக்கும் காயத்துக்கும் தொகை உச்சவரம்பு வைக்காமல் தீர்ப்பாயம் சொல்வதைக் கொடு என்று விட்டிருக்கிறார்கள். பொருள் சேதத்துக்கு மட்டும் காருக்கு 7.5 லட்சம் ரூபாய் என்று எண் போட்டார்கள், அது மட்டும் அப்படியே கிடக்கிறது.

பிப்ரவரி 20

கேள்வி கேட்ட தம்பி திரும்பி வந்திருக்கிறார், வேலை கிடைத்துவிட்டதாம், பெரிய நிறுவனம், காப்பீடு அவர்களே தருகிறார்களாம், "இனி எனக்கு இந்தப் பட்டியல் கவலை இல்லை" என்கிறார். வாழ்த்துகள். ஆனால் இப்போதுதான் கவலைப்பட வேண்டும். மனிதவளப் பிரிவில் ஒரே கேள்வி கேளுங்கள்: கிளைம் பணம் காப்பீட்டு நிறுவனத்தின் கணக்கில் இருந்து போகிறதா, நம் நிறுவனத்தின் கணக்கில் இருந்து போகிறதா. நம்முடையதில் இருந்து என்றால் மாநிலப் பட்டியலை மறந்துவிடுங்கள், சில பக்கச் சுருக்கத்தைக் கொடுத்தால் வாங்கி வைத்துக்கொண்டு முழு பிளான் ஆவணத்தைக் கேளுங்கள், கொடுக்க அவர்களுக்குக் கடமை இருக்கிறது. அதில் பலன்கள் பக்கத்தைத் தாண்டி விலக்குகளுக்கும், எத்தனை சந்திப்பு எத்தனை நாள் என்று எண் வரும் இடங்களுக்கும் நேராகப் போய்விடுங்கள். எண் எதுவும் புரியாவிட்டால் பெயர், நிறுவனம் அழித்துவிட்டு இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.